அண்ணனின் தலைமாட்டு விளக்கு

எங்கள் அண்ணன் மறைந்து ஒரு மாதமாகிறது. அழுது தீர்த்துவிட்டோம் என்று இந்த நினைவு மலரில் எழுதத்தான் ஆசை. ஆனால் அன்றைய திகைப்பே இன்னும் எங்களை விடவில்லை.

றொசல்லத் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே போய்விட, தம் படிப்பை விட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சுமை தூக்கி, தங்கையான என்னை ஆசிரியையாக்கினார். பிறகு பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், புற்றுநோய்க்காரர்களுக்கு ரேடியம் அடைத்த ஊசிகளை உடம்பில் செருகி வைக்கும் அறையில் உதவியாளரானார்.

அங்கே கழிவெல்லாம் ஒன்றல்ல என்பார். குடிக்கக் கொடுக்கும் கதிர் மருந்து பட்ட துணியைச் சில வாரம் பூட்டி வைத்தால், வீரியம் தானே அடங்கிவிடுமாம். ரேடியம் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அடங்காது. ஈயப் பெட்டியில் போட்டுக் காவல் காக்கத்தான் முடியும். கட்டுத்துணி, பஞ்சு எதுவானாலும் கதிர் இருந்தால் 'டிக் டிக்' என்று பொரியும் கருவியைக் காட்டிய பிறகே குப்பைச் சூளையில் எரிக்க வேண்டும்.

அந்தச் சூளைச் சாம்பல் வெள்ளையாக, மாவு போல இருக்கும். பாத்திரம் துலக்க அதைக் கேட்டு லயமே அண்ணனை நச்சரித்தது. சனிக்கிழமைகளில் சாக்கில் கொண்டுவருவார்.

ஒரு திங்கட்கிழமை ரேடியம் ஊசி ஒன்று குறைந்தது. கட்டுத்துணியோடு போய், கருவி காட்டாமலேயே சூளையில் வெந்து உடைந்திருந்தது. அந்தச் சாம்பலைத்தான் சனிக்கிழமை லயத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அடுத்த பஸ்ஸில் அண்ணன் ஓடிவந்தார்.

"சாம்பல யாரும் தொடாதீங்க! பல்லு வெளக்குனவங்க யாராச்சும் இருக்கீங்களா? சொல்லுங்க!"

வீடு வீடாக ஏறி, தம் கையாலேயே அள்ளினார். ஆஸ்பத்திரியில் அதை டிரம்மில் அடைத்துச் சீமெந்து ஊற்றி மூடினார்கள். அண்ணியிடமும் கேட்டார். "எல்லாம் குடுத்துட்டேங்க" என்றார் அண்ணி.

ஆண்டுகள் கழித்து அண்ணனுக்கு இரத்தம் வற்றும் நோய் வந்தது. சாம்பல்தான் காரணமா என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. அண்ணனும் கேட்கவில்லை.

இறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து கருவியோடு ஒருவர் வந்து நின்றார். பெரியப்பா கொதித்துப் போனார்.

"செத்த மனுசனையுமா சோதிக்கணும்? வெளிய போங்க!"

"அவரே கேட்டுக்கிட்டதுங்க ஐயா. தன்னத் தொடுறவங்களுக்கு ஒன்னும் ஆகக் கூடாதுன்னாரு."

தலை முதல் கால் வரை காட்டினார். எப்போதோ ஒரு 'டிக்', அவ்வளவுதான். எங்களுக்கு மூச்சு வந்தது. அவர் திரும்பியபோது கருவி தலைமாட்டுக் குத்துவிளக்கின் பக்கம் போனது. படபடவென்று பொரிந்தது.

அண்ணி அடுப்படிக்கு ஓடி ஒரு டின்னோடு வந்தார்.

"ஒரே ஒரு டின்னுதாங்க... நல்ல நாளுக்கு வெளக்கு தேய்க்கன்னு அடுப்புக்குப் பின்னால வச்சிருந்தேன். கண்ணுக்குத் தெரியாதது என்னா செய்யப் போகுதுன்னு நெனச்சேனே! அவருக்காகத்தானே இன்னைக்கித் தேய்ச்சேன்!"

விளக்கையும் டின்னையும் ஈயப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். ஊருக்கே காவல் நின்ற அண்ணனை விளக்கில்லாமல் அனுப்பினோம். அண்ணியை யாரும் குறை சொல்லாதீர்கள்.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அண்ணியை இன்றுவரை தனியே விடாத அயல் வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

மஸ்கெலியாவுக்கும் இறம்பொடைக்கும் வாழ்க்கைப்பட்டுப் போன எங்கள் லயத்துப் பெண்களே, அண்ணியைப் போல யாரோ எடுத்துவைத்த ஒரு டின் வெள்ளைச் சாம்பலும் உங்கள் பாத்திரங்களோடு வந்திருக்கலாம். இருந்தால் திறக்க வேண்டாம், ஆற்றில் கொட்ட வேண்டாம். சொல்லி அனுப்புங்கள். வாங்கிப்போக அண்ணன் இல்லை. கருவிக்காரரைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன்.