கதிரை கொடுத்து மறுப்பது

இல்லை, அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை.

கோப்பாயில் அகதிகள் தங்கியுள்ள பள்ளிக்கூடத்தில், காயங்களுக்கு மருந்து கட்டத் தொண்டர்கள் தேவை என்று நாங்கள்தான் அறிவித்திருந்தோம். இன்று ஓய்வுபெற்ற தாதி ஒருவர் நீர்வேலியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தார்.

பொறுப்பாக இருந்த நண்பன் எழும்பி, உட்காரக் கதிரை கொடுத்தான். தேத்தண்ணீரும் கொடுத்தான்.

“அம்மா, இந்த வயதிலை உங்களுக்கேன் கரைச்சல்? ஆலோசனை சொன்னால் காணும்.”

“கதிரை எங்கடை வீட்டிலையும் கிடக்கு, தம்பி. உங்கை வெளியிலை நிக்கிற சனத்துக்கு ஆர் மருந்து கட்டுறது?”

அவன் சிரித்து மழுப்பினான்.

“வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லும். மரியாதை செய்து கலைக்காதையும்.”

வயதானவர்களை நாங்கள் இவ்வளவு பணிவாகத்தான் வேலைக்கு மறுக்கிறோம். உங்கள் பக்கம் எப்படி?

அவர் மருந்து கட்டுவதற்காகக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். நான் பின்னால் போய்த் தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.