டஃபிக்கு டிக்கெட்

மழை இரவே விட்டிருந்தது. பிரிஜெட் கதவைத் திறந்ததும் டஃபி அவளை இழுத்துக்கொண்டு சந்தில் இறங்கியது. அக்டோபர் குளிருக்கு அவள் ஸ்வெட்டர் மேல் சால்வையும் போட்டிருந்தாள். பிரேசர் டவுன் இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லை. பேக்கரி வாசலில் மட்டும் ஆள் நடமாட்டம். டஃபி அங்கே உட்கார்ந்துவிட்டது. கில்பர்ட் இருந்த காலத்தில் தினமும் அந்த இடத்தில் அதற்குப் பாதி பன் கிடைக்கும். கணவர் இறந்த பிறகும் பிரிஜெட் அந்தப் பழக்கத்தை நிறுத்தவில்லை.

அவள் ஆசைப்பட்டு வாங்கிய நாய் இல்லை அது. மகன் க்ளென் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தூக்கிக்கொண்டு வந்தான். கல்யாணமாகித் தாரணியோடு கனடா போனபோது, "கொஞ்ச நாள் பாத்துக்க மம்மி" என்று சங்கிலியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அப்போதெல்லாம் நாய் மூச்சுப்பட்டாலே அவளுக்கு அருவருப்பு. இப்போது அது அவள் கட்டிலின் கால்மாட்டில் தூங்குகிறது.

நடை முடிந்து திரும்பியதும் தோட்டத்தைச் சுற்றி வந்தாள். மதிலோரம் பவழமல்லி கொட்டிக் கிடந்தது. கொய்யாவை அணில் பாதி கடித்துப் போட்டிருந்தது. மழைக்கு வந்த பெரிய நத்தைகள் கீரைப் பாத்தியை மொட்டையடித்திருந்தன. குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளி வாளியில் போட்டாள். நல்ல வேளை, சாமந்திப் பக்கம் அவை வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கென்று கில்பர்ட்டுக்காக வைத்த செடிகள் அவை. எல்லாம் மொட்டு விட்டிருந்தன.

அந்த நேரத்துக்குத்தான் க்ளென் வீடியோவில் வருவான். அங்கே அப்போது இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும்.

"டாடிக்கு வெச்ச சாமந்தி பாருடா, எவ்ளோ மொட்டு" என்று போனைத் திருப்பினாள்.

"ம்ம். கொஞ்சம் கீழ காட்டு மம்மி. அவன் ஏன் நொண்டுறான்?"

"நொண்டலடா. சேத்துல மிதிச்சிட்டு உதறுறான்."

"சரி, ஒரு குட் நியூஸ். டஃபிய இங்க கூட்டிக்கப் போறோம். ஏஜெண்ட் கிட்ட பேசியாச்சு. அடுத்த வாரம் வந்து பிளட் டெஸ்ட் எடுப்பாங்க."

பிரிஜெட் வாளியைக் கீழே வைத்தாள். "எதுக்குடா திடீர்னு?"

"தாரணி வீட்லருந்தேதானே வேலை பாக்குறா. நாள் பூரா தனியா இருக்கா, பாவம். துணை வேணும்ல?"

கில்பர்ட்டை அடக்கம் செய்த வாரத்தில், நானும் உன்கூட வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா என்று அவள் கேட்டிருந்தாள். அந்தக் குளிர் உனக்கு ஒத்துக்காது மம்மி என்று சொன்னவன் அவன்.

"அந்தக் குளிர் இதுக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் கோட்டு வாங்கியாச்சு மம்மி" என்றான் க்ளென். கேட்டவள் எதை நினைத்துக் கேட்டாள் என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

எதிர்வீட்டு ரத்தினம்மாள் விஷயம் கேட்டுக் கொதித்தாள். "தரமாட்டேன்னு சொல்லுங்க. வளத்தது நீங்கதானே?"

"அவன் நாய்ம்மா. அவன் கேக்குறான்."

"உங்களையும் கூட்டிட்டுப் போகச் சொல்றதுதானே?"

"நாயக் கூப்பிட்ட வீட்டுக்கு நானும் வரேன்னு எப்படிச் சொல்றது?"

கல்லறைத் திருநாளுக்குச் சாமந்தியை வெட்டி எடுத்துக்கொண்டு கல்லறைக்குத் தனியாகப் போய்வந்தாள். அதற்கு அடுத்த வாரம் வேன் வந்தது. கூண்டுக்குள் போக மறுத்த டஃபியை ஏஜெண்டின் ஆட்களால் தள்ள முடியவில்லை. "நீங்க கூப்பிடுங்க மேடம், உங்க பேச்சத்தான் கேக்கும்" என்றார்கள். அவள் தன் சால்வையை மடித்துக் கூண்டுக்குள் போட்டு, "உள்ள போடா ராஜா" என்றாள். டஃபி வாலை ஆட்டிக்கொண்டே உள்ளே போனது. கதவு சாத்தப்பட்ட பிறகுதான் கத்த ஆரம்பித்தது. வேன் சந்து திரும்பும் வரை அந்தச் சத்தம் கேட்டது. தன் வாயால் கூப்பிட்டு ஏமாற்றியதை அவளால் பொறுக்க முடியவில்லை. அன்று அவள் சமைக்கவில்லை.

அதன் பிறகு தினசரி அழைப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. டிசம்பரில் ஒரு நாள் க்ளென் பனியைக் காட்டினான். சிவப்புக் கோட்டோடு டஃபி சோபாவில் படுத்திருந்தது.

"டஃபி! டேய் ராஜா!" என்றாள் பிரிஜெட்.

டஃபி துள்ளி எழுந்தது. சோபாவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது, கதவைப் பிறாண்டியது, அறை அறையாக ஓடியது.

"ஐயோ மம்மி, நீ பேசாத. உன் குரலக் கேட்டா இப்படித்தான், வீடு பூரா தேடுறான். அப்புறம் சாப்பிடவே மாட்டேங்கறான். சும்மா பாரு, போதும்."

அவள் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். தாரணி நாயைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள்.

மறு ஞாயிறு போன் நெடுநேரம் அடித்தது. பிரிஜெட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எடுக்கவில்லை. மாலையில் க்ளென் ஏன் என்று கேட்டு மெசேஜ் போட்டபோது, தோட்டத்தில் இருந்தேன் என்று பதில் அனுப்பினாள்.