ஸ்டிக்கருக்குள் இருந்த எண்

செல்போன் ரிப்பேர் செய்பவன் என்று போர்டு மாட்டியபோது தியாகராய நகரில் என்னைப் போல நாலைந்து பேர்தான் இருந்திருப்போம். தொண்ணூறுகளின் கடைசி அது. அதுவரை ரேடியோ பார்த்த கை, திமிர் பிடித்த கை.

மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் தண்ணீரில் விழுந்த போனோடு வந்தார். உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு செத்துவிட்டது. ரங்கநாதன் தெரு பிளாட்பாரத்தில் கண்ணாடி உடைந்த பழைய போன் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதன் போர்டைப் பிடுங்கி இதில் மாட்டினேன். ஒவ்வொரு போனுக்கும் பதினைந்து இலக்க எண் உண்டு. இப்போது உள்ளே ஒன்று, பேட்டரிக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் வேறொன்று. சட்டி ஒன்று மூடி ஒன்று என்றால் எனக்குப் பிடிக்காது. கம்ப்யூட்டரில் சொருகி, உள்ளே இருந்ததை அழித்து ஸ்டிக்கர் எண்ணை ஏற்றினேன். பழையதையும் புதியதையும் நோட்டில் எழுதிவைத்தேன். அது என் பழக்கம்.

வக்கீலிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கே? இதுக்குன்னு தனிச் சட்டம் இருக்கறதா நேக்குத் தெரியலை. ஆனா அந்தப் பழைய போன் திருட்டுச் சாமானா இருந்தா? அடையாளத்தை அழிச்சவன் நீதானே! எங்கிட்ட சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிண்டு திரியாதே."

சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பிடித்த பயம். காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்தாலே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். தபால்காரருக்குக்கூட ஒருமுறை எழுந்து நின்றேன். சோறு இறங்கவில்லை. நோட்டை எரித்துவிடலாமா என்று தினமும் நினைப்பேன், எரித்தால் தப்பு செய்தவன் ஆகிவிடுவேனே என்று வைத்துவிடுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு பெண் வந்தாள். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸாம்.

"அண்ணா, மாம்பலம் ஸ்டேஷன்ல என் போன் போயிடுச்சு. வீட்டுக்காரரு துபாய்லேந்து வாங்கினு வந்தது. இந்த நம்பர் உங்ககிட்ட வந்துச்சான்னு கொஞ்சம் பாருங்கண்ணா."

போன் டப்பாவிலிருந்து கிழித்த அட்டையை நீட்டினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு நோட்டைப் புரட்டினேன். பதினைந்து இலக்கமும் ஒன்றுதான். நான் அழித்த எண்.

"வரலைம்மா" என்றேன்.

"பரவால்லண்ணா. மத்த கடைல தொரத்திவுட்டாங்க. நீங்களாவது தேடிப் பாத்தீங்களே."

அவள் படியிறங்கியதும் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.