கல்யாணத்துக்கு வராத அண்ணன்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் தம்பிக்குப் பெண் பார்க்க எருமப்பட்டி போயிருந்தோம். பெண் சரோஜாவை எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அண்ணன் உள்ளே வந்தார். முப்பது வயதிருக்கும். யார் முகத்தையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து, என் தலையில் இருந்த மல்லிகையை முகர்ந்துவிட்டு, ஏதோ முனகிக்கொண்டே போனார்.

நான் பதறி எழுந்தேன். "பைத்தியம் இருக்கற ஊட்டுல நாங்க பொண்ணெடுக்கறதில்லீங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். பேச்சு அதோடு முறிந்தது.

பிறகு எங்கள் தூரத்துச் சொந்தத்தில் ஒருவருக்கு சரோஜாவை முடித்தார்கள். கல்யாணத்தன்று மணப்பெண் அறையில், "அண்ணனைக் காணமே?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

அவள் கோபப்படவில்லை. "நீங்க அப்படிச் சொன்னதுலருந்து, யாரு வந்தாலும் அப்பா அண்ணனைத் தோட்டத்து மோட்டார் ரூமுல உட்டுப் பூட்டிருவாருங்க. இப்பவும் அங்கதான் இருக்குதுங்க. பூ வாசம்னா அண்ணனுக்கு உசுருங்க அக்கா. அன்னிக்கு அதுக்குத்தான் உங்ககிட்ட வந்துச்சு."

தோட்டம் பக்கத்தில்தான் இருந்தது. நான் அவளுடைய அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசித் திறக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. தாலி கட்டியதும் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஆட்டிசம் என்ற சொல் வெகுகாலம் கழித்துத்தான் என் காதில் விழுந்தது. அந்த அண்ணனின் பெயர் என்ன என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை.