அக்கா கைப் போணி

மாரியம்மன் துணை. அக்காவின் முதலாண்டு நினைவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நான் அதிகம் படித்தவன் அல்லன். மனதில் உள்ளதை எழுதுகிறேன்.

அக்கா காரைக்காலில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலில் இங்கே சைகோனுக்கு வந்தார். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியபோது நம்மவர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். அத்தான் படுத்த படுக்கையாக இருந்ததால் அக்கா போகவில்லை. அக்காவை விட்டு நானும் போகவில்லை. அடுத்த ஆண்டே அத்தான் காலமானார். நாங்கள் குடியிருந்த கான் ஹொய் சந்தில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தே அக்கா நாட்களைத் தள்ளினார்.

பிறகு சில்லறை வியாபாரத்துக்குக் கெடுபிடி குறைந்த காலம் வந்தது. பட்டாளத்திலிருந்து திரும்பிய பையன்களுக்கு வேலை இல்லை. சந்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் துவான் என்பவனிடம் அக்கா வியட்நாம் மொழியில் கேட்டார்: "வேலை உன்னைத் தேடி வரும்னு உக்காந்திருக்கியா? ரொட்டி வித்துப் பாரேன். மொதல்ல வாங்குறது நான்."

மறுநாள் பாலத்தடியில் அவன் கூடையை இறக்கும் முன்பே அக்கா போய் நின்றார். வெயில் ஏறுவதற்குள் கூடை காலி. நாம் போணி என்பதை இங்கே 'மோ ஹாங்' என்பார்கள்; நம்மைவிட அதிகமாகவே கைராசி பார்ப்பார்கள். செய்தி பரவியது. சோலோன் சந்தையில் செருப்பு எடுத்து வந்து விற்றவனுக்கும் அக்கா கைதான். பஞ்சர் ஒட்டக் கடை போட்டவனுக்குப் போணி செய்ய, சைக்கிளே இல்லாத அக்கா பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கி உருட்டிக்கொண்டு போனார்.

"சீ ஹாய்! சீ ஹாய்!" என்று காலையிலேயே வாசலில் வந்து கூப்பிடுவார்கள். மூத்த அக்கா என்று பொருள். எனக்கு வயிறு எரியும். எனக்கு மட்டும்தானே அவர் அக்கா?

எரிய எனக்கு உரிமை இல்லை. துவானுக்கு முன்பே நான் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் பக்கம் மசாலாப் பொடிக் கடை வைத்தேன். திறந்த அன்று அக்கா தலைக்குக் குளித்து, பையோடு முதல் ஆளாக வந்து நின்றார். நான் சகுனம் பார்த்தேன். அத்தான் இல்லாதவர் ஆயிற்றே.

"அக்கா, நீ கொஞ்சம் உள்ள இரு. கோயில் பெரியவர் மொதல்ல வாங்கட்டும்."

"சரிடா" என்றார். பையை மடித்துக்கொண்டார். அதன்பிறகு நான் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். என் கடையில் காசு போட்டு எதுவும் வாங்கியதில்லை. அந்தப் பையன்கள் கூடையிலிருந்து தள்ளுவண்டிக்குப் போனார்கள், தள்ளுவண்டியிலிருந்து கடைக்குப் போனார்கள். என் கடை வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மன் அந்தக் கையை முதலில் எனக்குத்தானே அனுப்பினாள் என்று நினைத்து நினைத்துப் பல வருடம் வெந்தேன்.

கடைசி மாதம் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு நாள் விடிந்ததும், கடை திறக்கும் முன், ஒரு மிளகுப்பொடிப் பொட்டலத்தோடு போனேன். அங்கும் துவான் ரொட்டியோடு எனக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, எனக்கும் போணி பண்ணுக்கா."

அக்கா சிரித்தார். "இப்பதான் கடை தொறக்குறியா? அவன் மொதல்ல வந்துட்டான். வரிசையில நில்லுடா."

நின்றேன். ரொட்டி வாங்கியதில் துவான் கொடுத்த மீதிக் காசை அப்படியே என் கையில் வைத்து, பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று வியாபாரம் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். கடை திறந்தேனா என்பதே நினைவில்லை.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், காரியங்களை முறையாக நடத்திக் கொடுத்த கோயிலாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் இறுதி ஊர்வலத்தன்று கடைகளை அடைத்துவிட்டு வந்து தோள் கொடுத்த பையன்களுக்கும் நன்றி. இப்போது அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. பாடையைத் தூக்கும்போது துவான்தான் விலகி நின்று, என் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினான்.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இதை என் மகள் அவர்கள் மொழியில் படித்துக் காட்டப்போகிறாள். பொறாமை இன்னும் போகவில்லை என்பதையும் விடாமல் படி என்று சொல்லியிருக்கிறேன்.