ஓம் என்பது குளிரின் அறிகுறி

தை மாதத்து மெல்பேர்ணில், வெயில் நாற்பது பாகையைத் தொடும் காலைகளில், கம்பளித் தொப்பியையும் இரண்டு சோடிக் கையுறைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ட்ராமில் போகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டிக்கட் கிழிக்கும் பெண் ஒருநாள் என்னைப் பார்த்து, "ஸ்கீயிங் போறியா, லவ்?" என்றாள். முன்பின் தெரியாத பெண் 'லவ்' என்றதில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஸ்கீயிங் என்றால் பனியில் சறுக்கி விளையாடுவது என்றும் அப்போது தெரியாது. "யெஸ்" என்று சொல்லிவிட்டு, இரண்டு தரிப்பு முன்னதாகவே இறங்கி வெயிலில் நடந்தேன்.

நான் வேலை செய்வது ஃபுட்ஸ்கிரேயில் உள்ள ஒரு குளிர்க்களஞ்சியத்தில். உறைந்த பட்டாணி, மீன், ஆட்டிறைச்சி எல்லாம் அங்கே கூரை முட்ட அடுக்கியிருக்கும். உள்ளே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனியும் மாவும் நிறுத்துக்கொண்டிருந்த என்னை, இங்கே டொக்டராக இருக்கும் தம்பி கூப்பிட்டு எடுத்தான். மனைவி புஷ்பமும் மகளும் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார்கள். அவர்களைக் கூப்பிட, எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று வேலையிடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். மூன்று மாதம் வேலை செய்து, நான் குளிரைத் தாங்குவேன் என்று ஃபோர்மன் எழுதித் தந்தால்தான் அந்தக் கடிதம் வரும்.

ஃபோர்மன் பெயர் டக். கனடாக்காரர். இளமையில் இராணுவத்தில் சேர்ந்து, கனடாவின் வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் இருந்த ஒரு முகாமில் வேலை பார்த்தவர். மரங்கள் வளர மனமில்லாமல் இடுப்பளவில் நின்றுவிடும் இடம் அது என்பார். உலக யுத்தத்தின்போது ஐரோப்பாவுக்கு விமானங்கள் போய்வருவதற்கென்று அமெரிக்கர் அதைக் கட்டினார்களாம். கட்டி முடிந்த பிறகு அந்த வழி அவ்வளவாகத் தேவைப்படவில்லையாம். கட்டியதை விட மனம் வராமல், ருஷ்யர் பனிக்கட்டி தாண்டி வந்தால் என்ன செய்வது என்று கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து அங்கே குளிர்ச்சண்டை பழகின. ருஷ்யர் வரவில்லை. சமையற்கூடத்துக் குப்பையைத் தேடி வெள்ளைக் கரடிகள்தான் வந்தன. எதிரி வராத நேரத்தில் சும்மா இருக்க முடியுமா? சப்பாத்தைப் பரிசோதித்தார்கள், டாங்கியைப் பரிசோதித்தார்கள், கடைசியில் மனிதரைப் பரிசோதித்தார்கள். எந்தக் குளிரில் சிப்பாயின் விரல் மடங்காது, எந்தக் குளிரில் நாக்குக் குழறும் என்றெல்லாம் கொப்பியில் எழுதினார்கள். வானத்தில் ஆடும் பச்சை ஒளியை ஆராய ரொக்கெட்டும் விட்டார்கள். பிறகு ஒருநாள் இராணுவம் அந்த முகாமைக் கைவிட்டது. டக் கைவிடவில்லை, ஃபுட்ஸ்கிரேக்குக் கொண்டுவந்துவிட்டார். பட்டாணிப் பெட்டிகளுக்கு நடுவில் நாங்கள் ருஷ்யருக்காகத் தயாராக நின்றோம்.

முகாம் விதிப்படி யாரும் தனியாக உள்ளே போகக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோடிக்காரனின் மூக்கு நுனி வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, "யூ ஓகே?" என்று கேட்க வேண்டும். புது ஆளான எனக்கு டக்கே சோடி. முதல் நாள் கேட்டார். ஆமென்று சொல்ல, நான் எங்கள் யாழ்ப்பாண வழக்கப்படி தலையை இரு பக்கமும் மெல்லச் சரித்து, "ஓம், ஓம்" என்றேன். பெரியவர்கள் முன் வாய் திறந்து பழக்கமில்லாதவன் நான். அந்த ஓமும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. டக்கின் முகம் மாறியது. கமக்கட்டில் கைகொடுத்து என்னை வெளியே இழுத்துப் போய், போர்வை சுற்றி, சூடாகத் தேத்தண்ணி பருக்கினார். முகாம் கொப்பியில் உடல் விறைப்பதற்கு இரண்டு அறிகுறிகள் எழுதியிருந்தனவாம்: தலை நிலைகொள்ளாது, வாய் முணுமுணுக்கும். எனக்கு இரண்டும் இருந்தன. "இப்ப சுகமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். இன்னொரு போர்வை வந்தது.

இப்படி நாலு தடவை நடந்தது. நாலாம் தடவை போர்வைக்குள் இருந்துகொண்டு, மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, முகாம் கட்டுவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"நோபடி," என்றார் டக். "ஒன்லி இண்டியன்ஸ்."

நான் திடுக்கிட்டுப் போனேன். அந்தப் பனிக்குள்ளும் எங்களுக்கு முன்னால் யாரோ மலையாளி போய்த் தேநீர்க்கடை போட்டுவிட்டான் என்று நினைத்தேன். அது அந்த நிலத்தின் ஆதிக்குடிகள் என்று தம்பிதான் பிறகு விளக்கினான். ஆனால் 'ஒருத்தரும் இல்லை' என்ற அந்தக் கணிப்பு எனக்குப் புதிதல்ல. அதே யுத்தத்தில் எங்கள் ஊருக்கு வடக்கேயும் வெள்ளைக்காரர் ஒரு விமான ஓடுபாதை போட்டார்கள். அளக்க வந்தவர் என் தகப்பனின் புகையிலைத் தோட்டத்துக்குள் நின்று, தகப்பனைப் பார்த்துக்கொண்டே, வெறுங்காணி என்று எழுதினார். சண்டை முடியத் திருப்பித் தருவோம் என்றார்கள். சண்டை முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான், கம்பிவேலி மட்டும் போகவில்லை. தன்னுடைய முகாமை மூடிவிட்டார்களே என்று டக் கண் கலங்குவார். எங்கள் ஊரில் அப்படி ஒரு துக்கம் கிடைத்தால் ஊரே கூடிச் சந்தோசமாக அழும்.

அன்று டக் அன்பாகவே சொன்னார்: உன் பிழையில்லை, வெப்ப நாட்டு உடம்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பரிசோதனை, அன்றும் அறிகுறி தெரிந்தால் வேலை இல்லை. அந்தக் கிழமைதான் புஷ்பத்தின் கடிதமும் வந்தது. "கடிதம் தந்திட்டினமோ? பிள்ளை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிப்போட்டாள்" என்று எழுதியிருந்தாள்.

எனக்கு நோய் என்னவென்று கண்டுபிடித்தவர் ஸ்டாவ்ரோஸ் என்ற கிரேக்கர். லொறியில் பெட்டி ஏற்றுகிறவர். மதியச் சாப்பாட்டில், "உப்பு வேணுமா?" என்று கேட்டார். தலையைச் சரித்தேன். உப்பைத் தந்துவிட்டுச் சிரித்தார்.

"உனக்குக் குளிரில்லை. நீ யெஸ் எண்டு சொல்லுறாய். என்ர அம்மாவும் இப்பிடித்தான் சரிப்பா."

எங்கே போய் முட்டுவது என்று இருந்தது எனக்கு.

"எங்கட பாஷையில யெஸ்ஸுக்கு 'நே'," என்றார். "வந்த புதிசில ஓவர்டைம் வேணுமா எண்டு கேட்டாங்கள். நே, நே எண்டன். அவங்களுக்கு அது 'நோ' எண்டு கேட்டுது. ஒரு வருஷம் எனக்கு ஓவர்டைமே இல்லை. கழுத்தைப் பழக்கு, மை ஃபிரண்ட். மேல, கீழ. நாக்கை விடு, கழுத்துதான் இங்கிலீஷ்."

மூன்று நாள் வாடகை அறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். மேலே, கீழே. ஓணான் மாதிரி இருந்தது. நாற்பத்தாறு வயதில் ஒருவன் ஓம் சொல்லப் பழகுவதை நல்லவேளை எவரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை டக் கைக்கடிகாரத்தோடும் கொப்பியோடும் உள்ளே வந்தார். "யூ ஓகே?" மேலே, கீழே, "யெஸ்". பத்து நிமிடம் கழித்து மறுபடியும். மேலே, கீழே. மூன்றாம் முறையும் தப்பினேன். டக் கொப்பியை மூடினார். மூடிவிட்டுச் சும்மா கேட்பதுபோல், "டூ கோல்ட் ஃபோர் யூ?" என்றார். தாங்க முடியாத குளிரா என்ற கேள்வி. இல்லை என்று சொல்வதற்கு நான் பழகியிருக்கவில்லை. பழகிய கழுத்து தன்பாட்டில் மேலும் கீழும் ஆடியது. வாயும் "யெஸ்" என்றது.

புஷ்பத்தின் பயணம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். டக் கொப்பியைக் கமக்கட்டில் செருகினார். பிறகு என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "முகாமில குளிரில்லை எண்டு வீரம் பேசினவனுக்குத்தான் கால்விரல் போனது. குளிருது எண்டு சொல்லத் தெரிஞ்சவன் வீட்டுக்குப் போனான்." திங்கட்கிழமை கடிதம் கைக்கு வந்தது. அரைமணி நேரம் பொய்யாக ஆட்டிய தலையால் அல்ல, தவறி ஆட்டிய ஒரு தலையால் பாஸானேன். அதுதான் அன்று நான் சொன்ன ஒரே உண்மை.

புஷ்பமும் மகளும் ஆடி மாதத்தில் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த புஷ்பம், என் தொப்பியையும் தடித்த கோட்டையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டாள். என் தலை மேலும் கீழுமாகத் தொடங்கியது. பாதியில் ஆளை அடையாளம் கண்டு பக்கவாட்டில் சரிந்தது. இரண்டும் சேர்ந்து, டக்குக்கும் விளங்காத, அவளுக்கும் விளங்காத ஒரு வட்டம் போட்டது.

"என்னப்பா கழுத்துக்கு? சுளுக்கோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு, சனம் போகிற வழியிலேயே குந்தியிருந்து பெட்டியைத் திறந்து, புஷ்பம் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தேடத் தொடங்கினாள்.