கரட்டுக்கு வேலி போட்ட வருஷம்

பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தேன். அப்போது ஊர் ஏரிக்குத் தண்ணீர் வருகிற கரடு விலைக்கு வந்தது. கரடு என்றால் மரமும் முள்ளும் மூடிய சிறு குன்று. சொந்தக்காரர் சேலத்தில் குடியேறிவிட்டார். கரி சுடுகிற காண்ட்ராக்டர் ஒருவர் அதை வாங்கி, மரத்தையெல்லாம் வெட்டப்போகிறார் என்று தெரிந்ததும் ஊரே பதறியது. மரம் போனால் மண் சரிந்து ஏரியை மூடிவிடும். நாமே வாங்கி அப்படியே காப்பாற்றுவோம் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். எங்கள் தலைமையாசிரியர்தான் தலைவர். கமிட்டியில் நானும் இருந்தேன்.

ரொக்கம் யாரிடம் இருந்தது? வீடு வீடாகக் கேழ்வரகும் புளியும் வாங்கி, கடத்தூர் சந்தைக்கு வண்டியில் ஏற்றிப்போனோம். அங்கே புளி வியாபாரம் செய்த பாய் நல்ல விலை போட்டதோடு, தன் பங்காகவும் கொடுத்தார்.

"உங்க ஏரித் தண்ணி பாயற மரத்துப் புளிதானுங்க நான் விக்கிறது," என்றார்.

கரட்டில் ஆடு மேய்த்துப் பிழைத்த அக்கா ஒருவர் இருந்தார். புருஷன் நடமாட்டம் இல்லாமல் கிடந்தார். அந்த வீட்டுக்கு ஆடுகள்தான் சோறு. அவர் தன் மந்தையிலேயே நல்ல கிடாவை ஓட்டிவந்து சங்கத்துக்குக் கொடுத்தார். கோயில் முன்னால் ஏலம் விட்டோம். எடுத்தவர் சங்கத்துக்கே திருப்பிக் கொடுக்க, மறுபடியும் ஏலம் போட்டோம். அப்படியே திரும்பத் திரும்பப் போய், வேறெதிலும் சேராத தொகை அந்த ஒரு கிடாவில் சேர்ந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கரடு எங்களுடையதானது. முன்பே விறகுக்கு வெட்டுப்பட்டிருந்த இடங்களில் கன்று நட்டோம். ஆடுகள் கடித்தன. இனி ஆடு ஏறக்கூடாது, சுற்றிலும் கற்றாழை வேலி போடலாம் என்று கமிட்டி கூடியது.

"அந்த அக்காவுக்கு ஒரு பக்கத்தையாவது விடலாமே சார்?" என்றேன்.

"ஒருத்தருக்கு வுட்டா ஊரு ஆடெல்லாம் ஏறுமுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர். அதுவும் பொய்யில்லை. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

மறுநாள் அக்கா பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். "டீச்சரம்மா, நான் குடுத்த கெடா ஆவுது, மிச்ச ஆடு ஆவாதுங்களா?"

கொஞ்ச நாள் ரோட்டோரம் மேய்த்துப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை. ஆடுகளை விற்றுவிட்டு, புருஷனோடு கம்பைநல்லூரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

சில வருஷத்தில் கன்றுகள் ஆட்டுக்கு எட்டாத உயரம் வளர்ந்தன. கீழ்ச்சரிவை மேய்ச்சலுக்குத் திறக்கலாம் என்று கமிட்டி சம்மதித்ததும், அவரிடம் சொல்ல நானே பஸ் ஏறினேன். ஒரு மண்டியில் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். புருஷன் இறந்திருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். கடலை உடைக்கிற அவர் கை நிற்கவில்லை.

"ஆட்டுக்கு இனி நான் எங்கீங்க போறது? குட்டி வாங்கி வளக்கற வயசா இது?" என்றார். பிறகு, "வேணாம்னு சொல்றதா இருந்தாலும், அன்னிக்கு என்னையுங் கூட்டத்துல உக்கார வெச்சுச் சொல்லியிருக்கலாமுங்க," என்றார்.

மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அந்தச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

கீழ்ச்சரிவில் மற்றவர்களின் ஆடுகள் மேய்ந்தன. ஏரியும் நிரம்பியது. நாங்கள் கரட்டை வாங்கியது தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அதை வாங்கக் கொடுத்தவர்களில் ஒருத்திக்கு மட்டும் அந்த ஊரில் இடமில்லாமல் போனது.